மூச்சை நிறுத்தக் கற்றவள்

எங்கள் வீட்டில் வாசனையை வைத்து ஒரு விளையாட்டு இருந்தது. என் கணவர் மகளுக்காக உண்டாக்கியது. கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தின் காலிக் குப்பிகளைக் கழுவிக் காயவைத்து, ஒன்றில் யூகலிப்டஸ் தைலம், ஒன்றில் டர்பென்டைன், ஒன்றில் பினாயில், ஒன்றில் நகப்பூச்சை அழிக்கிற திரவம் என்று நிரப்பி, பழைய டிபன் டப்பாவில் அடுக்கியிருந்தார். அவர் ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு வந்ததும், மகள் கூடத்தில் சம்மணமிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். அவர் சமையலறைக்கும் டப்பாவுக்கும் நடுவே ஓசையில்லாமல் நடந்து எதையாவது அவள் முகத்தருகே கொண்டுவருவார். பெருங்காயம், காபித்தூள், எலுமிச்சை என்றால் வாய்விட்டுப் பேர் சொல்ல வேண்டும். குப்பியிலிருந்து வந்தது என்றால் எதுவும் சொல்லக் கூடாது. மூச்சை அந்த இடத்திலேயே நிறுத்தி, மூக்கையும் வாயையும் கையால் பொத்தி, எழுந்து, வாசல் தாண்டி, மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியில் அவர் கட்டியிருக்கும் சிவப்புத் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று அண்ணாந்து பார்த்து, அதற்குக் குறுக்கே நடந்து, எதிர்வீட்டு முருங்கை மரத்தடியில் போய்த்தான் மூச்சு விட வேண்டும். சரியாகச் செய்தால் கடலைமிட்டாய்.

ஒரு விதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

“கூப்டக் கூடாது. இன்னா ஆனாலும் கூப்டக் கூடாது. அம்மாவையும் கூப்டாத, என்னையும் கூப்டாத. நட. அவ்ளோதான்.”

“பாம்பு வந்தா, நைனா?”

“பாம்பு வந்தா கத்து. வாசன வந்தா கத்தாத.”

அவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறார். கம்பெனிச் சுவர்கள் முடிந்து, லாரிகள் திரும்புகிற புழுதி முடிந்து, வீடுகள் தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. இங்கே காற்று ஒருநாளும் சும்மா வருவதில்லை. கருகிய ரப்பரைக் கொண்டுவரும், கெட்ட முட்டையைக் கொண்டுவரும், சில விடியல்களில் யாரோ ஜீராப்பாகு காய்ச்சுகிற மாதிரி ஒரு தித்திப்பைக் கொண்டுவரும். அந்தத் தித்திப்புக்குத்தான் அவர் அதிகம் பயப்படுவார். துணி உலர்த்துகிறவள் நான். காற்றைப் பார்த்தே துணி உலர்த்துவேன். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மகளின் மூக்கு மந்தம். பிறந்ததிலிருந்தே வாயால் மூச்சு விடுகிறவள். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து வழியை அடைத்திருக்கிறது, தொண்டையிலும் இரு பக்கமும் வீங்கியிருக்கிறது என்று திருவள்ளூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துக் காட்டினார்கள். எல்லோருக்கும் வந்த பிறகுதான் அவளுக்கு வாசனை வரும். என் கணவருக்கு அதுதான் பேஜார். குப்பியைத் திறந்து அவர் காத்திருக்கிற அந்த இடைவெளியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அதனால் ஒரு விதியைச் சேர்த்தார். டவுட் வந்தாலே நிறுத்து. இரண்டாம் முறை முகர்ந்து பார்க்காதே.

எனக்கு வேறு பயம். பள்ளி விட்டு வந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் தூங்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வேன், வெங்காயம் உரிப்பேன், எதையாவது எழுதுவேன். குறட்டை ஏறிக்கொண்டே போய் ஒரு இடத்தில் அறுந்து விழும். பிறகு ஒன்றும் இருக்காது. மார்பு எழும்ப முயன்று எழும்பாமல் நிற்கும். காற்று ஒரு பூட்டிய கதவைத் தள்ளிக்கொண்டிருப்பது வெளியே தெரியும். நான் கத்தியைக் கீழே வைப்பேன். விரலை அவள் மேலுதட்டில் வைப்பேன். விழித்தால் அழுவாளே என்று எழுப்பாமல், எழுப்பாமல் இருந்தால் என்ன ஆகுமோ என்று, விரலில் சூடு படுகிற வரைக்கும் நான் யாராகவும் இருக்க மாட்டேன். பிறகு ஒரு விம்மல், ஒரு புரளல், குறட்டை. கீரைக்குத் திரும்புவேன். இப்படி எத்தனை மதியங்கள். விழித்திருக்கும்போது மூச்சை நிறுத்த அப்பா சொல்லிக்கொடுக்கிறார், தூங்கும்போது அது தானாக நிற்கிறது என்ற நினைப்பு அப்போது எனக்கு வந்ததா, பிறகு வந்ததா, தெரியவில்லை.

ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார்கள். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் எங்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். எங்களைவிட வயதில் சின்னவர், பெண், பேசும்போது பேனாவைக் காதில் செருகிக்கொள்வார். மற்ற குழந்தைகளுக்கு என்றால் பயம் போக முன்கூட்டியே ஒரு தூக்க மருந்தைக் குடிக்கக் கொடுப்போம். தூக்கத்தில் மூச்சு நிற்கிற குழந்தைக்கு அதைக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை என்றார். ஊசி பார்த்தாலே உங்கள் பெண் பெஞ்சுக்கு அடியில் போய்விடுகிறாள். அதனால் மாஸ்க் வைத்து, மூச்சோடு மருந்தைக் கொடுத்து, தூங்கிய பிறகுதான் ஊசி. அழுது முரண்டினால் மூச்சுக்குழாய் இறுகிக்கொள்ளலாம். அவளாக இழுத்தால் எல்லாம் சுலபம். அதற்கு மருந்து இதுதான் என்று என் கணவரின் போனை வாங்கி ஒரு விளையாட்டை ஏற்றிக்கொடுத்தார். கூடவே, பழக்கத்துக்கு என்று ஒரு குட்டி மாஸ்க். கண்ணாடி போல, விளிம்பில் மெத்தென்று.

விளையாட்டில் ஒரு யானைக்குட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறது. கையில் பட்டை கட்டிக்கொள்கிறது, பச்சை உடுப்பு மாட்டிக்கொள்கிறது, சக்கரப் படுக்கையில் படுத்துக்கொண்டு விளக்குகள் தலைக்குமேல் ஓடுவதை வேடிக்கை பார்க்கிறது. நடுநடுவே கேள்வி கேட்கும். நெஞ்சில் ஒட்டுகிற வட்டம் எதைக் கேட்கிறது? ஏன் காலையில் சாப்பிடக் கூடாது? விடையைத் தொட்டால் ஒரு வாழைப்பழம். என் மகள் வாழைத்தாரே சம்பாதித்துவிட்டாள். யானைக்கு விரல் இல்லாததால் விரல் கிளிப்பைக் காதில் மாட்டுவது அவளுக்கு அவ்வளவு சிரிப்பு. பால்காரரிடம் சொன்னாள், சிலிண்டர் போடுகிறவரிடம் சொன்னாள்.

மாஸ்க் வருகிற கட்டத்தில் நின்றுவிட்டாள். தும்பிக்கை நுனியில் மாஸ்க் வைப்பார்கள். ஒரு பெண் குரல் கொஞ்சலாகச் சொல்லும்: இப்போது ஒரு புது வாசனை வரும். பயப்படாதே. ஆழமாக மூச்சை இழு. நாம் போனுக்குப் பக்கத்தில் மூச்சு விட்டால் யானையின் பலூன் பெரிதாகும். பலூன் நிறைந்தால் யானை தூங்கிவிடும்.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு போனைத் திருப்பி வைத்தாள்.

“ஏன்டி கவுத்துட்ட?”

“அதுக்கு அறிவே இல்லம்மா. வாசன வருதுன்னு சொல்றாங்க, இழுக்குது பாரு.”

“அது வெளையாட்டுதானே?”

“நைனாதும் வெளையாட்டுதான்.”

திருப்பி வைத்த போனிலிருந்து யானைக்குட்டி காத்திருக்கிற இசை வந்துகொண்டிருந்தது. நாம் எதுவும் செய்யாவிட்டால் அது முடியாது. முடிகிற மாதிரி இறங்கி, முடியாமல் திரும்பவும் தொடங்கும். இப்போதும் மிக்ஸி ஓடி நின்றதும், மழை நின்றதும், அந்தச் சத்தமில்லாத இடத்தில் எனக்கு அது கேட்கிறது.

ஆபரேஷனுக்கு முன்பாக ஒரு நாள் குழந்தைகளை அழைத்து இடத்தைப் பழக்குகிற வழக்கம் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது. ஒரு அறையில் பாய் விரித்து, பொம்மைகளுக்கு பேண்டேஜ் போடச் சொல்லி, மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். மருந்து எதுவும் வராது, விளிம்பில் ஆரஞ்சு எசன்ஸ் மட்டும் தடவியிருக்கும். மற்ற குழந்தைகள் கத்தி ஊரைக் கூட்டின. ஒன்று சிஸ்டரின் கையைக் கடித்தது. என் மகள் முகத்தில் மாஸ்க் வைத்தபோது அவள் அசையவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு, சிலை.

“இதுங்க கத்தறதப் பாரு, இந்தக் கண்ணு உக்காந்துனு இருக்கறதப் பாரு. இவ்ளோ சமத்தா ஒரு புள்ள இந்த ரூமுக்குள்ள வந்ததே இல்ல,” என்றார் சிஸ்டர். மற்ற அம்மாக்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கணம் மாஸ்க்கைப் பார்த்தேன். மற்ற குழந்தைகளின் மாஸ்க்கில் ஆவி படிந்து படிந்து மறைந்தது. என் மகளுடையதில் எதுவும் இல்லை. துடைத்து வைத்த கண்ணாடி.

டாக்டரும் அதே நேரத்தில் பார்த்துவிட்டார். மாஸ்க்கை எடுத்து, “விடு கண்ணா, விடு,” என்று முதுகைத் தடவினார். அவள் விடவில்லை. உதட்டோரம் நீலம் ஏறியது. அவள் கண் அறையைச் சுற்றி எதையோ தேடியது. அங்கே ஜன்னல் அடைத்திருந்தது. துணியும் இல்லை, மரமும் இல்லை. கடைசியில் எழுந்து, பொம்மைகளைத் தாண்டி, கதவைத் திறந்து, வராந்தா முழுக்க நடந்து, வெளியே ஆட்டோக்கள் நிற்கிற இடத்துக்குப் போய்த்தான் இழுத்துவிட்டாள். என்னை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. நான் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குப்பிகளை, சிவப்புத் துணியை. அவர் காதிலிருந்த பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு ஆபரேஷனை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார்.

“அமுக்கிப் பிடிச்சுப் போடலாம், அம்மா. நாலு பேர் கை கால பிடிச்சா போதும், தூங்கிடுவா. ஆனா இவளுக்கு மூச்சு வழியே சின்னது. அதுல பயத்தோட சண்ட போட்டா என்ன ஆகும்னு எனக்கு உறுதி சொல்ல முடியாது. அவங்க அப்பா கத்துக்குடுத்தத அவங்க அப்பாதான் மாத்தணும்.”

அன்றைக்கு என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. திரும்பும்போது நானும் மகளும் ஊத்துக்கோட்டை வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்று முகத்தில் அடிக்க வாயைத் திறந்துகொண்டே வந்தாள். நெல் வயல், செங்கல் சூளை, மாட்டுக்கூட்டம் என்று ஒவ்வொன்றும் அவள் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தன. அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் வாக்கியங்களை அடுக்கினேன், கலைத்தேன். வீடு வந்து சேர்ந்தபோது ஒன்றும் மிச்சமில்லை. அவர் மாடியில் துணி கட்டியிருந்த கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, ஒரு நாளைக்கு மட்டும் உங்கள் விளையாட்டு இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள் என்றேன்.

அவர் முடிச்சை விடவில்லை.

“ஒரு நாளைக்கின்னு ஒண்ணு கெடையாது. ஒடம்புக்குத் தெரிஞ்சது ஒடம்புல இருக்கணும். ஒருவாட்டி அழிச்சா அழிஞ்சதுதான்.”

“அப்போ நாலு பேரு சேந்து அமுக்கட்டுமா?”

“நான் அப்டியா சொன்னேன்?”

“பின்ன இன்னா சொல்ற நீ? மதியானத்துல அவ மூச்சு நிக்கும்போது இந்த ஊட்ல யாரு கீறாங்க? நாந்தான் கீறேன். வெரல வெச்சிக்கினு.”

அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். கம்பெனிப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கயிற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

கம்பெனியில் அவரோடு ஒன்றாகச் சாப்பிடுகிற ஒருவர் இருந்தார். பொதட்டூர்பேட்டைப் பக்கத்துக்காரர், நன்றாகப் பாடுவார், தன் டப்பாவில் இருக்கிற மீனை என் கணவர் டப்பாவுக்கு மாற்றிவிடுவார். ஒரு காலை அங்கே வாயுக் குழாய் ஒன்று பிளந்தது. அது எனக்குத் தெரியும். செத்துப்போனார் என்பதும் தெரியும். அதற்கு மேல் என் கணவர் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது சொன்னார்.

“அவன் கதவாண்டதான் நின்னுக்கினு இருந்தான். நான்தான் உள்ள. அப்டியே மூச்ச புடிச்சினு வெளிய போயிருந்தா ஒண்ணும் இல்ல. என்னக் கூப்ட்டான். கூப்டணும்னா மூச்ச இழுக்கணும் இல்ல? இழுத்தான். பாதி பேருதான் எனக்குக் கேட்டுச்சி.”

கீழே மகள் யாரிடமோ யானையின் காதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஒருத்தர் மூஞ்சப் பாத்து மூச்ச இழுன்னு நான் எந்த வாயால சொல்றது?” என்றார்.

நான் சொல்ல இருந்ததெல்லாம் அந்தப் பாதிப் பேரில் போய் நின்றுவிட்டது. அந்த வாரம் முழுக்க அவர் குப்பிகளைத் தொடவில்லை. மகளிடமும் எதுவும் சொல்லவில்லை. அவள் தினமும் யானையை மாஸ்க் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், அங்கே உட்காரவைத்துவிட்டு வந்தாள்.

ஆபரேஷன் அன்று காலை நேரத்திலேயே கூப்பிட்டார்கள். அவள் தூங்குகிற வரை இரண்டு பேரும் உள்ளே இருக்கலாம், ஆனால் அழக் கூடாது என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். சிஸ்டர் எங்களுக்கும் பச்சை உடுப்பு மாட்டிவிட்டார். என் கணவருக்கு அது முழங்காலுக்கு மேலேயே நின்றது. “நைனா பாவாட போட்டுக்கினு கீறாரு,” என்று மகள் சிரித்தாள். தலைக்குமேல் விளக்குகள் ஓடுவதை வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு சக்கரப் படுக்கையில் போனாள். விரலில் கிளிப் மாட்டியபோது, “எனக்குக் காதுல வேணாம்,” என்று டாக்டரிடம் தானாகவே சொன்னாள். ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. விளையாட்டு அவளை வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டது.

உள்ளே குளிர். எந்திரம் அவள் இதயத்தைச் சின்னச் சின்ன ஒலியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டர் மாஸ்க்கை எடுத்து, எசன்ஸ் தடவி, அவள் முகத்துக்குக் கொஞ்ச தூரத்தில் பிடித்தார். இன்னும் குழாயோடு இணைக்கவில்லை. மகள் மாஸ்க்கைப் பார்க்கவில்லை. தலைமாட்டில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். நானும் அவரைப் பார்த்தேன். பச்சை உடுப்பின் மார்பு அசையவே இல்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்த அறையில் நுழைந்ததிலிருந்து அவர் இழுத்திருப்பாரா என்றே எனக்குச் சந்தேகம். மகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதட்டை மடித்துக்கொண்டாள். அவள் மார்பும் நின்றது.

எந்திரத்தின் ஒலி மட்டும். கதவருகில் நின்ற இரண்டு பேர் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்கள். எதற்கு வருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

டாக்டர் அவர்களைப் பார்த்துத் தலையசைத்து நிறுத்தினார். “சார். மூச்சு விடுங்க. அவ உங்களத்தான் பாக்கறா.”

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பிறகு கையை நீட்டி டாக்டரிடமிருந்து அந்தக் குட்டி மாஸ்க்கை வாங்கினார். தன் மூக்கில் வைத்தார். அவர் மூக்குக்கு அது பத்தவில்லை, பக்கவாட்டில் பிதுங்கியது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். தோள் இரண்டும் மேலே ஏறின, இன்னும் ஏறின. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படி மூச்சை இழுத்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை இருமினார். மாஸ்க்கில் ஆவி படர்ந்திருந்தது.

“கமலாப்பழம்,” என்றார், வாய்விட்டு.

மகள் அவரையே பார்த்தாள். “நெஜமா?”

“நெஜமாதான். நீ பாரு.” மாஸ்க்கை அவள் முகத்தில் வைத்தார்.

அவள் இழுத்தாள். “ஆமா, கமலா,” என்று மாஸ்க்குக்குள்ளிருந்து சொன்னாள். டாக்டர் குழாயை இணைத்துவிட்டு, விரலால் எதையோ திருகினார். அடுத்த மூச்சில் அவள் புருவம் சுருங்கியது. கண் அகன்றது. பழத்துக்கு அடியில் வேறொன்று வந்துவிட்டது என்று அந்தப் புருவம் சொன்னது. மூச்சு பாதியில் நின்றது. அப்பாவைப் பார்த்தாள். அவர் குனிந்து, அவள் முகத்துக்கு நேராக, வாயைத் திறந்து, பெரிதாக இழுத்து விட்டார். இழுத்து விட்டார். அவரைப் பார்த்தபடியே அவளும் இழுத்தாள். இழுத்தாள். கண்மணி மேலே ஏறியது. கை அவர் கையிலிருந்து தானாக அவிழ்ந்தது.

அவர் இன்னும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். “போதும் சார், தூங்கிட்டா,” என்று டாக்டர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். யாரோ வாங்கிக்கொடுத்த டீயை அவர் காலடியில் வைத்துவிட்டார். எங்களைச் சுற்றிலும் பிளாஸ்க், பிஸ்கட், சார்ஜர் தேடுகிறவர்கள், போனில் சண்டை போடுகிறவர்கள். நன்றாக முடிந்துவிட்டது, கஷ்டமே இல்லை என்று டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகுதான் அவர் பேசினார்.

“மேலதான் கமலா. அடியில வேற ஒண்ணு. அவளுக்குத் தெரிஞ்சிடுச்சி. நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“தெரிஞ்சும் இழுத்தா. என்னப் பாத்துக்கினே இழுத்தா.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மகள் விழித்ததும் கேட்ட முதல் வார்த்தை ஐஸ்கிரீம். தொண்டை கரகரத்து அது வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அவர் கப்பையும் கரண்டியையும் வாங்கி வந்து, துளித் துளியாக ஊட்டினார்.

வீடு திரும்பிய பிறகு மதியங்கள் அமைதியாயின. அவள் வாயை மூடிக்கொண்டு தூங்கினாள். மூச்சு வந்து போனது தெரியாத அளவுக்கு மெல்லியதாக இருந்தது. நான் பழைய சத்தத்துக்காகக் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் கேட்காததால் போய் விரலை வைத்துப் பார்ப்பேன். எப்போதும் சூடு இருக்கும். நம்பிக்கை வராமல் இன்னொரு முறை வைப்பேன்.

அவள் மூக்கு திறந்துகொண்டது. உலகம் அவளுக்கு இரண்டாம் முறை பிறந்த மாதிரி. சிமெண்டில் விழுந்த மழை, புத்தகத்தின் நடுப்பக்கம், என் கழுத்து எல்லாவற்றையும் முகர்ந்தாள். “நைனா சட்டையில ஆணி வாசன,” என்றாள். மழை பெய்த ஒரு சாயங்காலம் அவர் டிபன் டப்பாவை மறுபடி இறக்கினார். இப்போது மூக்கு நன்றாக இருக்கிறது, இன்னும் சீக்கிரம் பிடிப்பாள் என்று அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம், எனக்குத் தெரிந்தது. அவள் சம்மணமிட்டுக் கண்ணை மூடினாள். அவர் டர்பென்டைனைத் திறந்தார். உடனே பிடித்துவிட்டாள். மூக்கு விடைத்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

“நீ மொதல்ல இழு, நைனா.”

“ஆட்டம் அப்டி இல்லம்மா.”

“ஆஸ்பத்திரில நீதானே மொதல்ல இழுத்த?”

அவர் மூடியைத் திருகி மூடினார். மறுநாளும் முயன்றார், அடுத்த வாரமும். அவள் சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பாள். கோபப்பட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடலைமிட்டாயைக் கூட்டிப் பார்த்தார். எந்த வாசனை வந்தாலும் அவள் தலை முதலில் எங்கள் பக்கம்தான் திரும்புகிறது. சந்தேகம் வந்தால் நிற்கிற உடம்பு போய், சந்தேகம் வந்தால் யாரையாவது பார்க்கிற உடம்பு வந்துவிட்டது.

போன மாதம் ஒரு காலை. அவர் முதல் ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். நான் அவளுக்கு ஸ்நாக்ஸ் டப்பா கட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். காற்று திரும்பியது. மெல்லிய தித்திப்பு, பாகு போல, அதற்குள் ஏதோ கசப்பு. எனக்கு அது என்ன என்று தெரியாது. எத்தனையோ தடவை வந்து எதுவும் ஆகாமல் போனதும் அதுதானா, இது வேறா, தெரியாது. அவள் ஷூ லேஸைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து என் வாயையே பார்த்தாள். என்ன செய்யட்டும் என்று அந்தப் பார்வை கேட்டது. நான் உதட்டை மூடினேன். அவளும் மூடினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு ஷூவின் லேஸ் தரையில் இழுபட்டது.

தெருவில் எல்லாம் எப்போதும்போல் நடந்துகொண்டிருந்தது. டீக்கடையில் பேச்சு, சைக்கிளில் போகிற வடக்கத்திப் பையன்கள், ஷேர் ஆட்டோவில் ஏறுகிற பெண்கள். எல்லோரும் வாய்நிறையப் பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, இழுத்து விட்டுக்கொண்டு. மகள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. மூச்சை விட்டேன். அவளும் உடனே விட்டாள்.

“எல்லாரும் உடுறாங்களேம்மா. நாம ஏன் புடிச்சினு வந்தோம்?”

சும்மாதான், வா, நேரமாகுது என்றேன்.

பள்ளி கேட்டில் அவள் வகுப்பு மிஸ் நின்றிருந்தார். நல்லவர். தூரத்து ஊரிலிருந்து ரயிலில் வருகிறவர். காற்றைப் பார்த்துத் துணி உலர்த்துகிறவர் இல்லை. குழந்தைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். காற்று இன்னும் எங்கள் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது, தித்திப்பு குறைந்திருந்ததா, எனக்குப் பழகிவிட்டதா, சொல்ல முடியாது. என் மகள் கேட்டில் நின்று, தலையைத் தூக்கி, மிஸ்ஸின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, “குட் மார்னிங் மிஸ்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.